மரபு ரீகர்வ் வில்லுக்குக் கார்பன் அம்பை டியூன் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிபார்க்கும் சைட் இல்லை, அதிர்வடக்கும் ஸ்டெபிலைசர் இல்லை. வில்லின் ஷெல்ஃபிலேயே (கைப்பிடிக்கு மேலே அம்பு உட்காரும் திட்டு) அம்பை வைத்து, மூன்று விரலால் நாணை இழுத்து எய்பவர்களுக்கானது இந்தப் பக்கம். எடுத்துக்காட்டாக நான் சொல்வதெல்லாம் என் கையில் இருக்கும் 62 அங்குல சாமிக் சேஜ் ரீகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில்லை வைத்துத்தான். 40 பவுண்டு லிம்ப் (வில்லின் வளையும் பகுதி), வலது கைக்காரர் எய்யும் வில். இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

டியூன் செய்வது என்றால் என்ன? அம்பு வாங்கினோம், எய்தோம் என்று இருந்துவிட முடியாதா?

முடியும். இறகு பெரிதாக இருந்தால் பொருந்தாத அம்பையும் எப்படியோ திருத்தி இலக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு அம்பு வேகத்தை விலையாகக் கொடுக்கிறது. விரல் கொஞ்சம் தடுமாறிய அன்று அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. டியூன் செய்த அம்பு வில்லைவிட்டுக் கிளம்பும்போதே நேராகக் கிளம்புகிறது, இறகுக்கு வேலை குறைவு. உங்கள் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். நான் இவ்வளவு மெனக்கெடுவது அந்தப் பொறுமைக்காகத்தான்.

அம்பு ஏன் வளைகிறது?

நாண் விரலைவிட்டு உருண்டு வழுக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளப்படுகிறது. அதே நொடியில் பின்னாலிருந்து நாண் தள்ள, முன்னால் இருக்கும் பாயிண்ட் (அம்புமுனை) தன் எடையால் நகரத் தயங்க, நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. வளைந்து, நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் வளைந்து, வில்லைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படமெடுத்து இதைக் கண்ணால் பார்க்க வைத்தார். இந்த வளைவின் தாளமும் உங்கள் வில்லின் தாளமும் ஒத்துப்போக வேண்டும். மற்ற எல்லாமே இதற்கான ஏற்பாடுதான்.

ஸ்பைன் 500, 600 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

கார்பன் ஷாஃப்டை (அம்பின் தண்டை) 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு (880 கிராம்) எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம், அதாவது 0.500 அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். 0.600 தொய்ந்தால் 600. ஆகவே எண் கூடக் கூட ஷாஃப்ட் இளகலானது, எண் குறையக் குறைய விறைப்பானது. மர அம்புக்கு அளவுமுறை வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, கணக்கைப் பவுண்டில் சொல்வார்கள். இரண்டையும் கலந்துகொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் என் வில்லுக்கு ஏற்ற எண்ணைப் பார்த்து வாங்கினால் போதுமே?

ஷாஃப்டின் மேல் அச்சடித்த எண் அசையாமல் கிடக்கும் ஷாஃப்டின் விறைப்பு. பறக்கும்போது அதே ஷாஃப்ட் இளகலாகவோ விறைப்பாகவோ நடந்துகொள்ளும். நீளம் கூடினால் இளகும். பாயிண்ட் எடை கூடினால் இளகும். இழுவை (நாணை இழுக்கும் பவுண்டு) கூடினால் இளகும். பழைய டாக்ரான் நாணைக் கழற்றி ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண் போட்டால், அது வேகமாகத் தள்ளுவதால், அப்போதும் இளகும். பின்பக்கம் எடை ஏறினால் (அம்பின் வாலில் நாண் மாட்டும் நாக் கனமானால், இறகு பெரிதானால்) விறைக்கும். நாணில் சத்தம் குறைக்க உரோமப் பந்து கட்டினால் நாண் மந்தமாகி அம்பு சற்று விறைப்பாகத் தெரியும். அச்சடித்த எண்ணை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளரின் அட்டவணையை நம்பலாமா?

எந்த வில்லுக்கான அட்டவணை என்று முதலில் பாருங்கள். பல அட்டவணைகள் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லை மனத்தில் வைத்தவை. காம்பவுண்டில் விரலுக்குப் பதில் ரிலீஸ் கருவியால் நாணை விடுவதால் பக்கவாட்டுத் தள்ளல் மிகக் குறைவு. நம் வில்லுக்கு அதே எண்ணை எடுத்தால் பெரும்பாலும் விறைப்பு கூடிய அம்புதான் கையில் வந்து சேரும். புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கும் முதல் தவறு இதுதான்: 40 பவுண்டு வில்லுக்கு 400 ஸ்பைன் அம்பை 28 அங்குலத்துக்கு வெட்டி, 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) பாயிண்ட் போட்டு எடுத்து வருவார்கள். அது கம்பி மாதிரி இருக்கும்.

என் வில்லின் உண்மையான இழுவை எவ்வளவு?

லிம்பில் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கானது. அந்த 28 என்பது நாணிலிருந்து கைப்பிடியின் குழி வரைக்கும் உள்ள தூரத்தோடு 1¾ அங்குலம் சேர்த்த கணக்கு. நீங்கள் 26 அங்குலம்தான் இழுக்கிறீர்கள் என்றால் ஏறக்குறைய 5 பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு என்பது பொதுவான கணக்கு. ஒரு நீளமான ஷாஃப்டில் அளவுக்கோடு போட்டு, நீங்கள் இழுத்து, கையை முகத்தில் நங்கூரமிட்டு நிற்கும்போது இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே பார்க்க முயன்றால் தலை நகரும், அளவு பொய்யாகும். நான் இழுப்பது 27½ அங்குலம், என் விரலில் விழுவது 39 பவுண்டு.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒரு டஜன் வாங்காதீர்கள். சில வில்வித்தைக் கடைகளில் வெவ்வேறு ஸ்பைனில் இரண்டிரண்டு ஷாஃப்ட் சேர்த்துச் சோதனைத் தொகுப்பாகத் தருகிறார்கள், கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆறே ஆறு ஷாஃப்ட், வெட்டாமல் முழு நீளத்தில். கூடவே 100, 125, 150, 175, 200 கிரெயின் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் ஆறு. திருகிப் போடும் வகை பாயிண்டாக இருந்தால் மாற்றி மாற்றிப் பார்ப்பது சுலபம். 40 பவுண்டுக்கு நான் 600-இல் தொடங்குவேன், 45 முதல் 50 பவுண்டுக்கு 500-இல். ரைசர் (வில்லின் நடுக்கட்டை) எவ்வளவு உள்ளே வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது ஒரு படி முன்பின் ஆகலாம்.

தொடங்குவதற்கு முன் வில்லில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பிரேஸ் உயரம் முதலில். நாணுக்கும் கைப்பிடிக் குழிக்கும் உள்ள தூரம் அது. சேஜுக்குச் சொல்லப்படும் அளவு 7½ முதல் 8¼ அங்குலம். குறைந்த அளவில் தொடங்கி, நாணை நான்கைந்து முறுக்கு கூட்டி எய்து பாருங்கள். ஓரிடத்தில் வில்லின் சத்தமும் கையில் அதிர்வும் அடங்கும். அங்கே நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புது நாண் முதல் சில நாட்கள் நீளும், அது அடங்கும் வரை டியூனிங் வேண்டாம். பிரேஸ் மாறினால் மற்ற எல்லாமும் மாறும்.

அப்புறம் நாக் பிடிப்பு. அம்பை நாணில் மாட்டி, வில்லைக் கிடையாகப் பிடித்து அம்பைத் தரையை நோக்கித் தொங்கவிடுங்கள். தன் எடையில் விழக்கூடாது. நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். இறுக்கமான நாக், பின்னால் வரும் மொட்டை (இறகில்லாத) அம்பு சோதனையின் முடிவையே தலைகீழாகக் காட்டும். நாணின் நடுவில் சுற்றிய சர்விங் நூலின் தடிமனைத்தான் மாற்ற வேண்டியிருக்கும், நாக்கைக் கத்தியால் சுரண்டாதீர்கள். (இந்தப் பிளவுக்குப் பழந்தமிழில் குதை என்று அழகான பெயர் இருக்கிறது. களத்தில் எல்லாரும் நாக் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

ஷெல்ஃபில் என்ன ஒட்டுவது?

கீழே முடி போன்ற ரெஸ்ட் துணியோ வெல்க்ரோவின் மென்மையான பாதியோ. பக்கவாட்டில் ஒரு மெல்லிய தோல் துண்டு. இரண்டுக்கும் அடியில், கைப்பிடிக் குழிக்கு நேர் மேலே, ஒரு தீக்குச்சியைச் செங்குத்தாகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் வைத்து ஒட்டினால் நடு மேடாகும். அம்பு அந்த மேட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், இறகுக்கு உரசல் குறையும். தட்டையான ஷெல்ஃபில் அம்பு நீளமாக உரசிக்கொண்டு கிடக்கும்.

பக்கவாட்டுத் தோலின் தடிமன் டியூனிங்கில் ஒரு கருவியும்கூட. தடிமன் கூட்டினால் அம்பு மையத்திலிருந்து வெளியே தள்ளப்படும், இளகிய அம்புக்கு அது உதவும். மெல்லியதாக்கினால் அம்பு உள்ளே வரும், விறைப்பான அம்பு அடங்கும். இது கடைசி நுணுக்கத்துக்குத்தான், பெரிய பிழையை இதனால் மூடி மறைக்கப் பார்க்காதீர்கள்.

நாணில் நாக்கிங் பாயிண்ட் (நாக் மாட்டும் இடத்துக் குறி) எங்கே?

ஷெல்ஃபுக்குச் செங்கோணமாக வரும் இடத்திலிருந்து ½ முதல் ⅝ அங்குலம் மேலே தொடங்குங்கள். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்கள் ⅝ முதல் ¾. நூலால் கட்டுங்கள், நகர்த்துவதற்கு வசதி. மூன்று விரல் கீழே என்றால் நாக்குக்கு அடியிலும் ஒரு முடிச்சு போட்டால் அம்பு கீழே வழுக்காது.

வேண்டுமென்றே சற்று உயரத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாக்கிங் பாயிண்ட் தாழ்ந்து போனால் அம்பின் வால் ஷெல்ஃபில் இடித்து மேலே துள்ளும். இலக்கில் பார்த்தால் வால் மேலே நிற்கும். ‘ஓ, உயரமாகிவிட்டது’ என்று இன்னும் இறக்குவீர்கள், இன்னும் துள்ளும். மேலிருந்து கீழே வந்தால் இந்தச் சுற்றில் மாட்ட மாட்டீர்கள்.

மொட்டை அம்பு சோதனையை எப்படிச் செய்வது?

மூன்று அம்புக்கு இறகு ஒட்டுங்கள், மூன்றை இறகில்லாமல் மொட்டையாக விடுங்கள். மற்றபடி நீளம், பாயிண்ட், நாக் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கங்குல இறகு மூன்றின் எடை 8, 9 கிரெயின் வரும். அதே எடைக்கு மொட்டை அம்பின் பின்பக்கம் இன்சுலேஷன் டேப் சுற்றினால் கணக்கு சமமாகும். முதலில் 10 கஜத்தில் எய்யுங்கள். ஓரளவு நேரானபின் 15, கடைசியில் 20. ஆறையும் கலந்து எய்யுங்கள். ஒவ்வொரு அம்பையும் தனியாகப் பார்த்து முடிவுக்கு வராமல், மூன்று மொட்டை அம்பின் கூட்டம் எங்கே, மூன்று இறகு அம்பின் கூட்டம் எங்கே என்று பாருங்கள்.

ஒரு மொட்டை அம்பு மட்டும் தனியே ஓடிப்போனால் அது உங்கள் விரலின் வேலை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்தும். நாணைப் பறித்து விட்டால் மொட்டை அம்பு அதை உடனே காட்டிக்கொடுக்கும். களைத்துப் போனபின் இந்தச் சோதனையைத் தொடராதீர்கள். என் அனுபவத்தில் முதல் முப்பது அம்புக்குள் கிடைக்கும் முடிவுதான் நம்பத் தகுந்தது.

முடிவை எப்படிப் படிப்பது?

முதலில் மேல் கீழ். மொட்டை அம்பு இறகு அம்புக்குக் கீழே விழுந்தால் நாக்கிங் பாயிண்ட் உயரம், கொஞ்சம் இறக்குங்கள். மேலே விழுந்தால் தாழ்வு, ஏற்றுங்கள். இது ஒழுங்கான பிறகுதான் இடம் வலம்.

வலது கைக்காரருக்கு மொட்டை அம்பு இறகு அம்புக்கு வலப்பக்கம் விழுந்தால் அம்பு இளகல். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு. இளகினால் பாயிண்ட் எடையைக் குறையுங்கள் அல்லது ஷாஃப்டை வெட்டிக் குறையுங்கள். விறைத்தால் பாயிண்ட் எடையைக் கூட்டுங்கள் அல்லது அடுத்த இளகிய ஸ்பைனுக்குப் போங்கள்.

இலக்கில் அம்பு சாய்ந்து நிற்கும் கோணத்தையும் பார்க்கலாம்: வால் இடப்பக்கம் சாய்ந்தால் இளகல், வலப்பக்கம் சாய்ந்தால் விறைப்பு. ஆனால் பழைய ஃபோம் இலக்கில் ஏற்கனவே இருக்கும் ஓட்டைகள் அம்பை இழுத்துத் திருப்பிவிடும். எங்கே விழுந்தது என்பதற்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

மொட்டை அம்பு இடப்பக்கம் போகிறது. பாயிண்ட் எடையைக் கூட்டினால் இன்னும் இடப்பக்கம் போகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன்.

முதல் வருஷத்தில் எனக்கும் இதுவே நடந்தது. 31 அங்குல 600 ஷாஃப்ட், 125 கிரெயின். 15 கஜத்தில் மூன்று மொட்டை அம்பும் இறகுக் கூட்டத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம். விறைப்பு என்று படித்தேன், 150 போட்டேன். இன்னும் இடம். 175 போட்டேன். இப்போது ஒன்று இடம், ஒன்று அதற்கும் இடம், மூன்றாவது இலக்குக்கு வெளியே. பக்கத்துத் தடத்தில் எய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “தம்பி, உங்க அம்பு வில்லுல தட்டுற சத்தம் எனக்கு அங்க வரைக்கும் கேக்குது” என்றார். பையிலிருந்து டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து ஷெல்ஃபின் பக்கவாட்டுத் தோலில் தடவி, “இப்ப ஒன்னு விடுங்க” என்றார். விட்டேன். பவுடரின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கருப்பாக வழித்தெடுத்த கோடு. மொட்டை அம்பின் பின்பாதியில் அதே இடத்தில் வெள்ளைத் தீற்றல்.

நடந்தது இதுதான். அம்பு அளவுக்கு மீறி இளகியிருந்தது. வளைந்த தண்டின் பின்பாதி ரைசரில் மோதி, அங்கிருந்து இடப்பக்கம் எகிறியது. பார்வைக்கு விறைப்பான அம்பு போலத் தெரிந்தது. பொய் விறைப்பு என்று சொல்லலாம். நான் எடை கூட்டக் கூட இன்னும் இளகி இன்னும் பலமாக மோதியது. அவர் சொல்லி 100 கிரெயின் போட்டேன். மூன்று மொட்டையும் இறகுக் கூட்டத்துக்கு வலப்பக்கம் வந்து விழுந்தன, அதாவது இளகல் என்ற உண்மையான பதில். அதன் பிறகு வெட்டத் தொடங்கினோம்.

ஆகவே இடப்பக்கம் விழுந்தால் உடனே நம்பாதீர்கள். சத்தத்தைக் கேளுங்கள், பவுடர் தடவிப் பாருங்கள், எதிர்த்திசையில் ஒரு பாயிண்டை மாற்றிப் பாருங்கள். எடையைக் குறைத்ததும் அம்பு வலப்பக்கம் தாவினால் அது பொய் விறைப்பு.

எவ்வளவு வெட்டுவது?

கால் அங்குலம். ஒரு தடவைக்குக் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வெட்டி, இன்சர்ட் (பாயிண்டைத் திருகும் உள்குழல்) ஒட்டி, எய்து பார்த்து, மறுபடி. நேரம் பிடிக்கும், ஆனால் அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. முழு அங்குலம் குறைத்தால் வில்லின் இழுவையில் ஏறக்குறைய 5 பவுண்டு மாற்றத்துக்குச் சமம் என்பது வில்லாளிகளிடம் பழகிவந்த கணக்கு. சரியான அளவை நெருங்கும்போது, மொட்டை அம்பு இறகுக் கூட்டத்துக்கு ஒரு கை அகலம் வலப்பக்கம் இருக்கும் நிலையிலேயே வெட்டுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைப் பாயிண்ட் எடையாலும் தோல் தடிமனாலும் சரிசெய்யலாம்.

இதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. முழுதாக இழுத்த நிலையில் ஷாஃப்டின் முன்முனை ஷெல்ஃபுக்கு வெளியே குறைந்தது ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 27½ அங்குலம் இழுக்கும் நான் 28½-க்குக் கீழே வெட்டவே மாட்டேன். ஷெல்ஃபைத் தாண்டி உள்ளே வந்த அம்பு கையில் பாயும்.

கடையிலேயே 28½ அங்குலத்துக்கு வெட்டித் தந்துவிட்டார்கள். 500 ஸ்பைன், 40 பவுண்டு வில். விறைப்பாக இருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். அலுமினிய இன்சர்ட்டைக் கழற்றிவிட்டு 50 அல்லது 100 கிரெயின் பித்தளை இன்சர்ட் போடுங்கள். அதன் முன் 175, 200 கிரெயின் பாயிண்ட். முன்னால் 300 கிரெயின் உட்கார்ந்தால் தண்டு இளகத்தான் வேண்டும். எடை என்ன ஆகும் என்று பார்ப்போம்: அங்குலத்துக்கு 7.3 கிரெயின் உள்ள ஷாஃப்ட் என்றால் தண்டு 208, முன்பக்கம் 300, நாக்கும் இறகும் 19, மொத்தம் 527 கிரெயின். நேராகப் பறக்கும், வில்லும் அமைதியாக இருக்கும். ஆனால் வேகம் குறைந்து பாதை அதிகம் வளையும், 25 கஜத்துக்கு மேல் குறி வைக்கும் உயரத்தையே மாற்ற வேண்டிவரும். 15, 20 கஜத்தில் எய்பவருக்கு இது நல்ல அம்பு. தொடர்ந்து தூரத்தில் எய்ய ஆசை என்றால் அடுத்த முறை 600 வாங்குங்கள்.

வீட்டில் எப்படி வெட்டுவது?

வேகமாகச் சுழலும் மெல்லிய அரைக்கும் வட்டு போட்ட கருவியால். இரும்பறுக்கும் வாளோ, பைப் கட்டரோ கூடாது. இரண்டும் கார்பன் இழையை நொறுக்கும், விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும். வெட்டும்போது ஷாஃப்டை உருட்டிக்கொண்டே வெட்டுங்கள். முகமூடி கட்டாயம், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் அரிக்கும். வீட்டுக்கு வெளியே வெட்டி, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வெட்டிய முனையைத் தட்டையான உப்புத்தாளில் நேராகத் தேய்த்துச் சமமாக்கினால் இன்சர்ட் நேராக உட்காரும்.

எந்தப் பசை?

சோதனைக் காலத்தில் குறைந்த சூட்டில் உருகும் ஹாட் மெல்ட். பாயிண்டைத் தீயில் காட்டுங்கள், ஷாஃப்டை ஒருபோதும் காட்டாதீர்கள். கார்பன் இழையைப் பிடித்துவைத்திருப்பது எபாக்ஸி பிசின், சூடேறினால் அது தளரும். அளவு முடிவானபின் எபாக்ஸி போட்டு நிலையாக ஒட்டிவிடலாம்.

அம்பு எவ்வளவு இலேசாக இருக்கலாம்?

பவுண்டுக்கு 9 முதல் 10 கிரெயின் என்பது மரபு ரீகர்வுக்கு நல்ல இடம். 8-க்குக் கீழே நான் போக மாட்டேன். அம்பு எடுத்துக்கொள்ளாத சக்தி முழுவதும் லிம்புக்கும் நாணுக்கும் உங்கள் முழங்கைக்கும்தான் திரும்பும். கார்பன் இலேசாக இருப்பதால் இந்தத் தவறு சுலபமாக நேர்கிறது. என் அம்பின் கணக்கு: 30 அங்குல ஷாஃப்ட் அங்குலத்துக்கு 6.8 வீதம் 204, இன்சர்ட் 15, பாயிண்ட் 150, நாக் 10, இறகு 9, மொத்தம் 388 கிரெயின். 39 பவுண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 10.

எஃப்.ஓ.சி. என்கிறார்களே?

அம்பின் எடை எவ்வளவு முன்னால் சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு. நாக்கின் பள்ளத்திலிருந்து ஷாஃப்ட் முனை வரை நீளத்தை அளந்து, விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். நீளம் 29½, சமநிலைப் புள்ளி நாக்கிலிருந்து 19.2 என்றால், பாதி நீளமான 14.75-ஐக் கழித்தால் 4.45. அதை 29.5-ஆல் வகுத்தால் 15 சதவீதம். 12 முதல் 18 வரை எதுவும் நன்றாகப் பறக்கும். இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு டியூனைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் வேன் ஒட்டலாமா?

ஷெல்ஃபில் வைத்து எய்வதானால் வேண்டாம். இறகு ஷெல்ஃபில் பட்டால் மடங்கி வழிவிடும், வேன் முட்டித் தள்ளும். வான்கோழி இறகு, நான்கோ ஐந்தோ அங்குலம், கொஞ்சம் சாய்த்து ஒட்டியது. இடச்சிறகா வலச்சிறகா என்பது பறப்பில் பெரிய வித்தியாசம் தராது, ஆனால் ஓர் அம்பில் மூன்றும் ஒரே பக்கச் சிறகாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இறகு நனைந்து படிந்துவிடும், டியூன் செய்த அம்பு அப்போதும் சுமாராகப் போவதைப் பார்க்கலாம்.

பேப்பரில் எய்து பார்க்கும் சோதனை?

விரலால் விடுபவர்களுக்கு ஒவ்வொரு கிழிசலும் ஒவ்வொரு கதை சொல்லும். நான் செய்வதில்லை.

கார்பன் போட்டால் அது மரபு வில்வித்தை ஆகுமா?

வில்லும் கையும் கண்ணும் அதே முறையில்தானே வேலை செய்கின்றன! மர அம்பு செய்வது தனிக் கலை, அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஈரக்காற்றில் மரம் வளையும், ஒரு டஜனுக்குள் எடையும் விறைப்பும் மாறும். கார்பன் ஒன்றுபோல இருக்கும், அதனால் கற்றுக்கொள்பவருக்குத் தவறு யாருடையது என்று தெளிவாகத் தெரியும். போட்டிக்குப் போகிறவர்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பான வேர்ல்ட் ஆர்ச்சரியின் லாங்போ (நெடுவில்) பிரிவில் மர அம்பு மட்டுமே செல்லும்.

கார்பன் அம்பு உடைந்து கையில் குத்தும் என்கிறார்களே?

உண்மைதான், இதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விரிசல் கண்ட ஷாஃப்ட் நாண் தள்ளும்போது சிதறி, வில்லைப் பிடித்த கையில் ஏறும். கல்லில் பட்டதோ, இன்னோர் அம்பில் பட்டதோ, எதுவானாலும் மறுபடி நாணில் மாட்டுவதற்கு முன் இரண்டு முனையையும் பிடித்து, உங்களுக்கு எதிர்ப்பக்கம் வளையுமாறு மெல்ல வளைத்து, சுழற்றி, நான்கு பக்கமும் வளைத்துப் பாருங்கள். காதருகே நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த அம்பு முடிந்தது. ஒரு பஞ்சுத் துணுக்கைத் தண்டின் மேல் இழுத்துப் பாருங்கள், இழை எழும்பிய இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது.

எவ்வளவு நெருங்கினால் போதும்?

20 கஜத்தில் மொட்டைக் கூட்டமும் இறகுக் கூட்டமும் உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டால் போதும். நானாக இருந்தால் மொட்டை அம்பை அணுவளவு வலப்பக்கத்திலேயே விட்டுவிடுவேன். இறகு ஒட்டிய பிறகு, குளிர்ந்த காலையில் இழுப்பு அரை அங்குலம் குறையும் நாளில், அந்த அம்பு நடுவில் வந்து சேரும்.

மறுபடி எப்போது டியூன் செய்ய வேண்டும்?

நாண் மாற்றினால், லிம்ப் மாற்றினால், கையுறையிலிருந்து டேபுக்கு (விரலை மறைக்கும் தோல் துண்டு) மாறினால். அதைவிட முக்கியமாக, உங்கள் எய்தல் முறை முன்னேறினால். முதல் ஆண்டில் பலருக்கும் இழுப்பு ஓர் அங்குலம்வரை நீளும், முதுகுத் தசை பழகுவதால். அந்த ஓர் அங்குலம் அம்பைப் பழையபடி இளக்கிவிடும். அதனால்தான் முதல் செட்டை எப்போதும், பிறகு வெட்டிக்கொள்ள இடம் விட்டு, தேவைக்குக் கால் அங்குலம் நீளமாகவே வைக்கச் சொல்வேன். என் நோட்டில் இப்போதைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: பிரேஸ் 7⅞, நாக்கிங் பாயிண்ட் ⅝, ஸ்பைன் 600, நீளம் 30, பாயிண்ட் 150, தோல் ஒரு மடிப்பு. இரண்டு மொட்டை அம்பு எப்போதும் அம்பறாத்தூணியின் ஓரத்தில் இருக்கும், மாதத்துக்கு ஒரு முறை முதல் ஆறு அம்பில் அவையும் போகும்.